கையெழுத்திட்ட அறுபத்திரண்டு பேர்

செங்குறிச்சி என்று ஒரு ராஜ்யம். சின்னதுதான். காலையில் குதிரை ஏறினால் மத்தியானத்துக்குள் எல்லை வந்துவிடும். அதை ஆண்ட உத்தமகேசரி ராஜாவுக்கு ஒரே ஒரு குறை. அயல்தேசத்து வியாபாரிகள் வருகிறார்கள், பட்டைத் தடவிப் பார்க்கிறார்கள், ஒரு ராத்திரிகூடத் தங்காமல் கிளம்பிவிடுகிறார்கள்.

பிரதானி ஆவுடையப்பர் யோசனை சொன்னார். ஒரு விருந்து மாளிகை கட்டலாம். பன்னிரண்டே அறை. அறைக்கொரு நிறம், அறைக்கொரு ஊஞ்சல், குளிக்கப் பன்னீர் கலந்த தண்ணீர். கட்டுகிற இடம், அவர் குடியிருக்கும் கேணித் தெருவின் நடுவில் கிடந்த காலி மனை. அதில்தான் தெருவுக்கே இருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. மதில் எழும்பினால் கிணறு உள்ளே போய்விடும். தெருவார் ஆற்றுக்கு நடக்கவேண்டும். போக ஒரு நாழிகை, வர ஒரு நாழிகை.

ஆற்றங்கரையிலேயே கட்டினால் என்ன என்று ராஜா கேட்டார். அங்கே கொசு என்றார் பிரதானி. சரி, தெருவாரைக் கேளும் என்றார் ராஜா.

கேட்டார்கள். அயல்தேசத்தார் எல்லாருக்கும் தாடி இருக்கும், எனக்கு நல்ல பிழைப்பு என்றார் நாவிதர் மருதையன். வெற்றிலை விற்கும் என்றார் கொடிக்கால்காரர். ஒருவர் மட்டும் குதிரைச் சாணி நாறுமே என்று முணுமுணுத்தார். சாணிக்கு விலை உண்டு என்றதும் அவரும் ஊர் முன்னேறட்டும் என்றுவிட்டார். ஆக அறுபத்திரண்டு ஆண்கள் சம்மத ஓலையில் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று முதல் கையெழுத்தைப் பிரதானியே போட்டார்.

நாற்பதாவது கையெழுத்து அம்பலவாணருடையது. ராஜசபையில் சாதுர்யத்துக்குப் பெயர் போனவர். அவர் பசியோடு வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து, ஓலையோடு ஒரு தட்டு அதிரசமும் வந்தது. அதிரசத்தைக் கவனித்தார். ஓலையைக் கவனிக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் மனைவி வடிவு சட்டியை இறக்கி வைத்தாள்.

"உங்களுக்கென்ன, போட்டது கை. சுமக்கப்போவது என் இடுப்புதானே?"

அதற்குப் பிறகு பேச்சில்லை. சாப்பாடும் இல்லை. ராஜ ஓலையில் போட்ட கையெழுத்தை மறுத்தால் பத்துச் சவுக்கடி. அம்பலவாணர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

மறுநாள் சபையில் பிரதானி ஓலையை நீட்டினார். தெருவில் ஒருவர்கூட எதிர்ப்பில்லை என்றார். ராஜாவுக்கு ஏகச் சந்தோஷம். அஸ்திவாரம் எப்போது என்று கேட்டார். நல்ல நாளுக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது என்றார் ஜோசியர்.

அம்பலவாணர் எழுந்தார். "மகாராஜா, அந்த ஏழு நாளை வீணாக்குவானேன்? இன்றே கிணற்றை மூடிவிடலாம். ஓலையில் கண்டபடி தெருவார் நடந்துகொள்ளட்டும். பழகினாற்போலும் இருக்கும்."

"நல்ல யோசனை" என்றார் பிரதானி. அம்பலவாணர் தன் பக்கம் பேசியதில் அவருக்கு அத்தனை பெருமை.

"ஓலையின் கடைசி வரியைப் பிரதானியார் வாசிக்கட்டும்."

பிரதானி கம்பீரமாக வாசித்தார். "கிணறு மதிலுக்குள் போவதால் வரும் சிரமத்தைக் கீழே கையெழுத்திட்ட நாங்களே மனமுவந்து சுமப்போம்."

"நாங்களே என்றால் யார்?"

"கையெழுத்துப் போட்டவர்கள்."

"அதில் பெண் பெயர் ஒன்றாவது இருக்கிறதா?"

பிரதானி ஓலையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அப்படியானால் அந்த அறுபத்திரண்டு பேர்தான் தண்ணீர் சுமக்கவேண்டும். வேறு யார் குடத்தைத் தொட்டாலும் ராஜ ஓலையை மீறியதாகும். அதில் நானும் ஒருவன், மகாராஜா. பிரதானியார் முதல் ஆள்."

வேலைக்காரி ஒருத்தி இருக்கிறாளே என்று பிரதானி இழுத்தார். அவள் கையெழுத்துப் போட்டாளா என்று ராஜா கேட்டார். அத்தோடு சபை கலைந்தது. அன்றே கிணற்றை மூடினார்கள்.

மறுநாள் விடிந்ததும் கேணித் தெருவில் கூத்துதான். குடத்தைத் தோளில் வைத்தவனுக்கு முதுகெல்லாம் நனைந்தது. தலையில் வைத்தவனுக்குச் சும்மாடு சுற்றத் தெரியவில்லை. மருதையன் ஆற்றுப்படியில் வழுக்கிக் குடத்தோடு மிதந்தார். அம்பலவாணர் மூன்றாம் நடையில் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிரதானிக்கு முன்னால் ஒருவன் கட்டியம் கூறிக்கொண்டு போனான், பின்னால் ஒருவன் குடை பிடித்தான். நடுவில் அவர் குடத்தோடு.

தன் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் வேண்டும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் குடத்தை இறக்கியதும் மனைவி கோமதி எட்டிப் பார்த்து, இது அரிசி களையவே காணாது என்றாள். உலைக்கு ஒன்று, பாத்திரத்துக்கு இரண்டு, மாட்டுக்கு நான்கு, துணிக்கு ஆறு என்று விரலை மடக்கினாள்.

உச்சிப் பொழுதில் அறுபத்திரண்டு பேரும் சொட்டச் சொட்டச் சபைக்கு வந்து நின்றார்கள்.

"பிரதானியாரே, மாளிகையைப் பற்றி உமது கருத்து?"

"ஆற்றங்கரைதான் உசிதம், மகாராஜா. நல்ல காற்று."

"கொசு என்றீரே?"

"அப்போது இருந்தது, மகாராஜா."

சபை சிரித்தது. ராஜா ஓலையைக் கிழித்துப் போட்டார். மாளிகை ஆற்றங்கரைக்கு, கிணறு தெருவுக்கு என்று தீர்ப்பாயிற்று. அம்பலவாணருக்கு மூச்சு வந்தது.

இந்தத் தடவை பெண்களையும் கேட்டுவிடுவோம் என்று ராஜா அவர்களை வரவழைத்தார். வந்தார்கள். விஷயத்தைக் கேட்டார்கள். யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். வடிவுதான் முன்னால் வந்தாள்.

"ஏழு நாள் என்று சொன்னீர்கள், மகாராஜா. அரை நாளில் முடித்துவிட்டீர்களே."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏழு நாள் ஏழு நாளாகவே இருக்கட்டும் என்றார். அம்பலவாணரின் சாதுர்யத்தை மெச்சி அங்கேயே பரிசும் கொடுத்தார்.

பித்தளைக் குடம். புதுசு. பெரிசு.