மனு கொடுக்காத ஊர்

மருத்துவர் அருமைநாயகம் முப்பது வருடம் வைத்தியம் பார்த்தவர். ஐம்பத்தெட்டாவது வயதில் தேர்தலில் நின்று சட்டமன்ற உறுப்பினரானார். அவரிடம் தொழில் கற்ற டாக்டர் சந்தனமாரி அவருடைய ஆஸ்பத்திரியைக் கவனித்துக்கொண்டார்.

அந்த வருடம் தொகுதிக்கு ஒரே ஒரு சுகாதார நிலையம் வந்தது. எங்கே கட்டலாம் என்று அருமைநாயகத்தைக் கேட்டார்கள். கடைத்தெரு வியாபாரிகள் ஊர்வலமாக வந்து மனு கொடுத்தார்கள். மறுநாள் அவருடைய சொந்த ஊர்க்காரர்கள் இரண்டு வேன்களில் வந்து கோஷம் போட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு அருமைநாயகம் மனுக்கட்டைச் சந்தனமாரியிடம் தள்ளினார்.

"இதுல எந்த ஊர் இல்லைன்னு பாரு."

புரட்டிப் பார்க்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"உப்பளக் குடியிருப்பு இல்லை, சார்."

"வா, போயிட்டு வருவோம்."

அங்கே ஒரு வீட்டு வாசலில் நிறைமாதக்காரி ஒருத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. சந்தனமாரி ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, தலைவலி எத்தனை நாளா?" என்று அருமைநாயகம் கேட்டார்.

"ஒரு வாரமா ஐயா."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்லணும்?"

அவளைத் தன் காரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

சுகாதார நிலையம் அந்தக் குடியிருப்பில்தான் எழும்பியது. அன்றோடு சொந்த ஊர்க்காரர்கள் ஒதுங்கிவிட்டார்கள்; அவர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட ஆள் வரவில்லை. அடுத்த தேர்தலில் நானூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றார்.

மறு வாரமே ஆஸ்பத்திரிக்கு வந்து பழையபடி நோயாளிகளைப் பார்க்க உட்கார்ந்தார். சந்தனமாரிக்கு ஆறவில்லை.

"உப்பளத்து ஓட்டாவது உங்களுக்கு விழுந்துதா, சார்?"

"பாதிப் பேர் ஓட்டுப் போடவே வரலை. வந்தவங்கள்ல முக்கால்வாசி அந்தப் பக்கம் போட்டுட்டாங்க."

"உங்களுக்குக் கோபமே வரலையா? யார் செஞ்சதுன்னுகூடவா அவங்களுக்குத் தெரியாது?"

அவர் கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டார்.

"நினைவில்லாம தூக்கிட்டு வர்றாங்களே, அந்த நோயாளி கண்ணைத் திறக்கிறப்போ, முதல்ல ஓடிவந்த டாக்டர் எங்கேம்மா நிக்கிறாரு? அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பாரு."