குற்றவாளி தோண்டட்டும்

கழிமுகத்துக் காட்டில் கட்டையன் என்ற கிழட்டுக் காட்டுப்பன்றி இருந்தது. பெரும்புயல் அடித்து ஓய்ந்த காலையில், அது புதரை விட்டு வெளியே வந்தது. இலுப்பை மரம் வேரோடு சாய்ந்து, கீரியின் வளை வாயை அடைத்துக் கிடந்தது.

கட்டையன் மண்ணில் மூக்கை வைத்து மோந்தது. உள்ளிருந்து குரல் கேட்டது.

"யார் அது? கட்டையண்ணனா? நானும் குட்டியும் மாட்டிக்கொண்டோம். மூச்சு முட்டுகிறது அண்ணே!"

கட்டையன் மூக்கை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. அதன் நெஞ்சில் ஒரு பழைய கோபம் கிடந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. எது கெட்டாலும் கெடுத்தவனே சரிசெய்ய வேண்டும். ஆகவே முதலில் போய் வேலையைத் தொடுகிறவன், குற்றத்தை ஒப்புக்கொண்டவன் ஆகிவிடுவான். மூன்று மழைக்கு முன் குளக்கரை உடைந்து வெள்ளம் வந்தபோது, கட்டையன்தான் ஓடிப்போய் வாய்க்கால் தோண்டியது. "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, பாருங்கள்!" என்று கத்தியது இதே கீரிதான். அன்றுமுதல் கட்டையனுக்குக் 'கரையுடைத்தவன்' என்று பெயர்.

'இந்த முறை வேறு எவனாவது பெயர் வாங்கட்டும்' என்று உறுமிக்கொண்டே, அது குளக்கரைக்குப் போய்ச் செய்தியை மட்டும் சொன்னது.

எல்லா விலங்குகளும் கூடின. ஒன்றுகூட வளைப் பக்கம் நகரவில்லை.

"புயல் வருகிறது என்று காகம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டது யானை.

"தொண்டை கிழியக் கத்தினேனே!" என்றது காகம்.

"நீ என்றைக்குத்தான் கத்தவில்லை? எலி செத்தாலும் அதே கத்தல், புயல் வந்தாலும் அதே கத்தல்!" என்றது குரங்கு.

"விடிந்ததும் ஒவ்வொரு வளையாகப் பார்த்து வருவது உன் வேலை அல்லவா? நீ எங்கே தொலைந்தாய்?" என்று குரங்கைத் திருப்பிக் கேட்டது காகம்.

"வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. அதை விலக்க வேண்டியவர் யானையார்!"

"மரத்துக்கு மரம் தாவுகிறவனுக்கு வழி எதற்கடா?" என்று பிளிறியது யானை.

எல்லாம் சிரித்தன. வெயில் உச்சிக்கு ஏறியது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியது கட்டையன்தான். "ஒருவரையும் விடாதீர்கள்! அன்று என்னை விட்டீர்களா?"

வெயில் சாயும் வேளையில் ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. குற்றவாளி காகம்.

"போ, போய் மரத்தை விலக்கித் தோண்டு!" என்றன எல்லாம்.

காகம் தன் அலகைத் திறந்து காட்டியது. "இதைக் கொண்டா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில் கட்டையனுக்குக் காலையில் கேட்ட குரல் நினைவுக்கு வந்தது. அது எழுந்து ஓடியது. பின்னாலேயே யானையும் ஓடி வந்து மரத்தைப் புரட்டித் தள்ளியது. கட்டையன் மூச்சு வாங்கத் தோண்டியது. கொஞ்ச நேர வேலைதான்.

கீரியின் உடல் சில்லிட்டுக் கிடந்தது. அதன் வயிற்றடியில் குட்டிக்கு மட்டும் உயிர் இருந்தது.

குட்டி கண்ணைக் கசக்கிப் பார்த்தது. "நீங்கள்தானே கட்டையன் மாமா? காலையில் மேலே உங்கள் மூச்சுச் சத்தம் கேட்டது. 'மாமா வந்துவிட்டார், முதல் ஆளாக ஓடி வருகிறவர் அவர்தான், இனிப் பயமில்லை, தூங்கு' என்று அம்மா சொன்னாள். ஏன் மாமா இவ்வளவு நேரம்?"

மண் அப்பிய மூக்கைக் கட்டையன் வெகுநேரம் தூக்கவே இல்லை.

ஆபத்தில் கிடப்பவனை முதலில் தூக்கிவிடு, குற்றவாளியைப் பிறகு தேடு; குற்றவாளியை முதலில் தேடினால், தூக்கிவிடப் போகும்போது அங்கே உயிர் இருக்காது.