கஜபதி எண்ணாமல் சொன்ன கணக்கு

பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு இருபதுக்கு, கொளத்தூரில் தெய்வயானையின் கண்ணாடித் தொட்டியில் நானூற்றுப் பன்னிரண்டு ஏஞ்சல் மீன் குஞ்சுகள் உயிரோடு இருந்தன. முந்தைய நாள்தான் நீந்தத் தொடங்கியிருந்தன. ஒவ்வொன்றும் கண்ணிமை முடியில் பாதி நீளம்.

இதற்கு முன் இரண்டு முறை பொரித்த குஞ்சுகள், நீந்தத் தொடங்கிய ஐந்தாம் நாளுக்குள் மொத்தமாகச் செத்துப் போயின. முட்டையிடும் ஜோடி தெய்வயானையுடையது அல்ல. திருநின்றவூரில் இருக்கும் நாத்தனார் குணவதி வளர்க்கக் கொடுத்தது. மூன்றாவது முறையும் குஞ்சுகள் போனால் ஜோடியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் குணவதி சொல்லியிருந்தார். அதோடு விடவில்லை. தினமும் காலை ஏழு மணிக்குப் போன் செய்து எத்தனை குஞ்சு இருக்கிறது என்று கேட்டார்.

ஆறரைக்கு தெய்வயானை காதர் மைதீனின் புழுக் கடைக்கு வந்தார். மீனுக்குப் போடும் உயிர்ப்புழு காலையில் வேனில் வந்து இறங்கும் கடை அது. மீன் வளர்ப்பவர்கள் வேனுக்காகக் காத்திருந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அன்று கப்பி மீன் வளர்க்கும் அல்போன்ஸ் இருந்தார். கஜபதியும் இருந்தார். கஜபதிக்கு வயது அறுபத்தொன்று. மீன் வளர்ப்பதை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. புழு வாங்குவதில்லை. ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

"அஞ்சாம் நாளத் தாண்டணும்ணா. இன்னா பண்றதுன்னே புரியல" என்றார் தெய்வயானை.

"அஞ்சாம் நாளா?" கஜபதி டீயை ஊதினார். "என் தொட்டில அஞ்சாம் நாளே கெடையாதும்மா. நாலுக்கப்புறம் நேரா ஆறு."

"அது எப்பிடி?" என்றார் அல்போன்ஸ்.

"காலண்டர்ல ரெண்டு தாள ஒண்ணாக் கிழிச்சிடுவேன். குஞ்சுக்கு இன்னா தெரியும்?"

காதர் மைதீன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்தி நாலுல ஒரு ஏஞ்சல் ஜோடி வெச்சிருந்தேன். ரெண்டாயிரம் முட்ட. பொரிச்சது ரெண்டாயிரத்து ஒண்ணு."

"அந்த ஒண்ணு ஏதுண்ணா?"

"பக்கத்துத் தொட்டி முட்ட. இங்க கவனிப்பு நல்லாருக்குன்னு கேள்விப்பட்டு வந்துடுச்சு. தொரத்தவா முடியும்?"

"சரிண்ணா, தீனி இன்னா போட்டீங்க? அதச் சொல்லுங்க" என்றார் தெய்வயானை.

"வாழப்பழத் தோல். பானைத் தண்ணில மூணு நாள் ஊற வெச்சா கண்ணுக்குத் தெரியாத பூச்சி வரும். அதான் மொத தீனி. ஊர்ல எல்லாரும் பண்றதுதான். ஆனா நான் போட்டது நேந்திரம் பழத் தோல். பூச்சி ஒவ்வொண்ணும் மொச்சக் கொட்ட மாதிரி வந்துடுச்சு. மொத நாள் குஞ்சுங்க பூச்சியத் தொரத்துச்சு. மறுநாள் பூச்சி குஞ்சுங்களத் தொரத்துச்சு. நான் நடுவுல பூந்து ரெண்டு பக்கமும் பேசி, ஆளுக்குப் பாதித் தொட்டின்னு பிரிச்சி உட்டேன்."

"அப்போ குஞ்சு இன்னாத்த தின்னுச்சு?" என்றார் அல்போன்ஸ்.

"அதான் பேசி முடிச்சாச்சேப்பா. அப்புறமும் தின்னா நல்லாவா இருக்கும்?"

அல்போன்ஸ் வேன் வருகிறதா என்று தெருவைப் பார்த்தார். வரவில்லை. கஜபதி தொடர்ந்தார்.

"அந்த வருஷம் மழையில காலையில கரண்டு போனது சாயங்காலம்தான் வந்துச்சு. காத்து மோட்டார் நின்னுபோச்சு. ரெண்டாயிரம் உசுரு. இன்னா பண்ணுவே? டியூப வாயில வெச்சி ஊத ஆரம்பிச்சேன். பதினோரு மணி நேரம். வெத்தல போட்ட வாயி. கரண்டு வந்து பாக்கறேன், அத்தினி குஞ்சுக்கும் வாய் செவந்திருக்கு. பாதிக்கு மேல சுண்ணாம்பு கேக்குது."

"உங்களுக்கு மூச்சு வாங்கலியா?" என்று காதர் மைதீன் முதல் முறையாக வாய் திறந்தார்.

"வாங்குச்சு பாய். அப்பல்லாம் குஞ்சுங்க மாத்தி ஊதுச்சு."

ஏழு மணிக்குத் தெய்வயானையின் போன் அடித்தது. "நானூத்திப் பன்னெண்டு அண்ணி" என்றார். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "இல்ல அண்ணி, நேத்து நானூத்தி நாப்பது. ஆமா அண்ணி. தெரியல அண்ணி." போனை வைத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

காதர் மைதீன் துணியைக் கீழே வைத்தார். "கரெக்டா நானூத்திப் பன்னெண்டா? எப்பிடிம்மா எண்ணினே?"

"டீ வடிகட்டில அள்ளி அள்ளி வெள்ளக் கிண்ணத்துல உட்டு எண்ணுவேன் பாய். அப்புறம் மறுபடி தொட்டிலயே உட்டுடுவேன்."

"தெனமுமா?"

"தெனமும். அண்ணி கேக்கறாங்களே."

"போன ரெண்டு தபாவும்?"

"அப்பவும்தான்."

கஜபதி டீ ஊதுவதை நிறுத்தினார்.

"தங்கச்சி, அது கண்ணிமை கனம் இல்லாத உசுரு" என்றார் காதர் மைதீன். "வடிகட்டில பட்டாலே தோல் போயிடும். தீனியில கோளாறு இல்ல. நீ எண்ணி எண்ணியே சாவடிச்சிருக்கே. ஒரு மாசம் தொடாதே."

"அண்ணி நாளைக்கும் கேப்பாங்களே."

"குத்துமதிப்பா ஒண்ணு சொல்லிடு" என்றார் அல்போன்ஸ்.

"எனக்குப் பொய் வராது. கொரல்லயே கண்டுபிடிச்சிடுவாங்க. எண்ணலேன்னு தெரிஞ்சா அன்னைக்கே வந்து ஜோடியத் தூக்கிடுவாங்க."

மூன்று பேரும் கஜபதியைப் பார்த்தார்கள்.

"என்னை ஏம்பா பாக்கறீங்க?" என்றார் கஜபதி. "நான் வாழ்க்கையில ஒரு பொய் சொன்னவன் இல்ல."

"தெரியும்ணா" என்றார் காதர் மைதீன். "அதான் கேக்கறோம்."

கஜபதி டீ கிளாசைக் கீழே வைத்தார். தனக்கு எண்ண வேண்டிய அவசியமே இல்லை என்றும், தெருவில் நின்று மூச்சை இழுத்தால் வீட்டுக்குள் எத்தனை குஞ்சு என்று தெரிந்துவிடும் என்றும் விளக்கினார். தெய்வயானை வடிகட்டியைக் கொண்டுவந்து காதர் மைதீனிடம் ஒப்படைத்தார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குத் தெய்வயானை போனைக் கஜபதியிடம் கொடுத்தார். குணவதியிடம், மீன் விஷயத்தில் பெரிய ஆள், இனிமேல் இவர்தான் கணக்கு சொல்வார் என்று மட்டும் சொன்னார். அதில் பொய் இல்லை என்று அவர் நினைத்தார்.

"நானூத்திப் பத்து" என்றார் கஜபதி.

"ரெண்டு எங்க?" என்றார் குணவதி. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"கெழக்கு மூலையில கோச்சிக்கினு நிக்குதும்மா. சமாதானமான பிறகு சேத்துக்கறேன்."

செவ்வாய்க்கிழமை நானூற்றுப் பதினொன்று. "ஒண்ணு சமாதானமாயிடுச்சு."

புதன்கிழமை ஐந்தாம் நாள். தெய்வயானை தொட்டிக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏதோ அசைந்தது. எத்தனை என்று அவருக்குத் தெரியாது. ஏழு மணிக்குக் கடைக்கு வந்து போனைக் கஜபதியிடம் கொடுத்தார்.

"நானூத்தி அஞ்சு. ஏழு குஞ்சுக்கு விக்கல். தலையில தட்டித் தண்ணி குடுத்துப் படுக்க வெச்சிருக்கேன்."

"மீனுக்குத் தண்ணியா?"

"வெந்நிம்மா."

குணவதி போனைத் தெய்வயானைக்கு மாற்றச் சொன்னார். பிறகு, "அந்த ஆளு டாக்டரா?" என்று தெய்வயானையிடம் கேட்டார்.

ஆறாம் நாள் வந்தது, பத்தாம் நாள் வந்தது. தொட்டியில் அசைவு இருந்தது. குஞ்சுகளுக்கு முதுகிலும் வயிற்றிலும் துடுப்பு நீண்டு ஏஞ்சல் உருவம் வந்தது. தொட்டியின் பின்னால் ஒட்டியிருந்த நீலத்தாள் தெரியாத அளவுக்கு நின்றன. தெய்வயானை எண்ணவில்லை. இரண்டு முறை விரலை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டார்.

கஜபதியின் கணக்கு தினமும் நடந்தது. பிப்ரவரி 20 அன்று அறுநூறு என்றார். எப்படிக் கூடியது என்று குணவதி கேட்டபோது, கண்ணாடியில் தெரியும் பிம்பங்களும் தீனிக்கு வந்துவிட்டன, பசியென்று வந்ததை எப்படி விலக்குவது என்றார். பிப்ரவரி 27 அன்று நானூறு. பிம்பங்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை, குணவதி ரயிலில் ஏறிவிட்டுப் போன் செய்தார். "நானே நேர்ல வந்து எண்ணப் போறேன். இப்ப சொல்லுங்க, எத்தனை?"

தெய்வயானை போனைக் கஜபதியின் பக்கம் நீட்டினார். கஜபதி தெருவைப் பார்த்து ஒரு முறை மூச்சை இழுத்தார்.

"முந்நூத்தி எம்பத்தாறு."

குணவதி பத்தேகாலுக்கு வந்தார். இப்போது குஞ்சுகள் ஒரு ரூபாய் நாணயம் அளவு இருந்தன. கிண்ணத்தால் தண்ணீரோடு மொண்டு, இன்னொரு தொட்டிக்கு மாற்றிக்கொண்டே எண்ணினார். முடித்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். இரண்டு முறையும் முந்நூற்று எண்பத்தாறு.

ஜோடி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் குணவதி காபி குடித்தார்.

செய்தி புழுக் கடைக்கு வந்தபோது கஜபதியின் முகம் மாறியது. "கரெக்டாவா?" என்று இரண்டு முறை கேட்டார். எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனார். மறுநாளும் அதற்கு மறுநாளும் வரவில்லை. அல்போன்ஸ் போய்ப் பார்த்தபோது, உடம்புக்கு ஒன்றுமில்லை, வெளியே தலைகாட்ட முடியவில்லை என்றார்.

மார்ச் 14, வியாழக்கிழமை, காலை ஆறரை மணிக்குக் கஜபதி மீண்டும் புழுக் கடைக்கு வந்தார். குஞ்சுகள் உண்மையில் ஆயிரத்து இருநூறு என்றும், குணவதிக்குக் கண் சரியில்லை என்றும் தெரிவித்தார்.