அங்கன்வாடி மேல் தொங்கிய கிளை

வெள்ளிங்கிரி முப்பது வருடம் தென்னை ஏறியவர். இடுப்பில் கயிறு கட்டியதில்லை. விழுந்ததும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மரத்தின் உச்சியிலும் அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஊர் மரங்களில் கிளை கழிக்கும் தெய்வானை அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். எழுபதடி உயரத்தில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ரம்பம் பிடிப்பாள். ஒரு நாள் அதை அண்ணாந்து பார்த்து நின்றவர், அவள் இறங்கியதும் கேட்டுவிட்டார்.

“அம்மிணி, மேல உங்களுக்குப் பயமே வராதுங்களா? அதை எனக்குச் சொல்லித் தரோணும்.”

“நாளைக்கு என்கூட வேலைக்கு வாங்கண்ணா.”

மறுநாள் வேலை அங்கன்வாடியில். காற்றில் பிளந்த தூங்குமூஞ்சி மரக்கிளை ஒன்று ஓட்டுக்கூரைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தைகள்.

தெய்வானை மரத்தின் பக்கமே போகவில்லை. குழந்தைகளை ரேஷன் கடைக்கு அனுப்பினாள். இருபத்திரண்டு பேர். இரண்டு முறை எண்ணினாள். மரத்தைச் சுற்றித் தூரமாகக் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டாள்.

கயிற்றுக்குள்ளே பழனியப்பனின் டீக்கடை மாட்டிக்கொண்டது.

“வடை சட்டியில கிடக்குது தாயி. கிளை அந்தப் பக்கந்தான விழும்?”

“அந்தப் பக்கந்தானுங்க விழும். நீங்க இந்தப் பக்கம் வந்துருங்க.”

அடுப்பை அணைத்துவிட்டு, பாதி வெந்த வடையோடு சட்டியைத் தூக்கினார்கள்.

பிறகு அவள் மரம் ஏறும் கயிற்றைச் சாண் சாணாக விரலில் உருவிப் பார்த்தாள். ஓரிடத்தில் நூல் பிரிந்திருந்தது. அதைத் தூரப் போட்டுவிட்டு வேறு கயிறு எடுத்தாள். மரத்தை ஒட்டிப் போன கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக லைன்மேன் நேரில் வந்து சொல்லும்வரை உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிங்கிரிக்குச் சிரிப்பு வந்தது. “இந்நேரம் நான் நாலு மரம் ஏறி எறங்கியிருப்பனுங்க அம்மிணி.”

அவள் அவர் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்துவிட்டு ஏறினாள். ஏறியதும் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

கிளை துண்டு துண்டாகக் கயிற்றில் இறங்கியது. கடைசித் துண்டு மட்டும் அறுபடும்போதே முறுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் பாய்ந்தது. டீக்கடை பெஞ்சு இரண்டாக முறிந்தது.

பழனியப்பன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“வடை தப்பிச்சுருச்சு!” என்றார் பழனியப்பன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வெள்ளிங்கிரி மட்டும் சத்தமில்லாமல் ஹெல்மெட் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டார்.

தெய்வானை இறங்கி வந்தபோது கீழே இலையும் சுள்ளியும் மலையாகக் கிடந்தன. வெள்ளிங்கிரி தீப்பெட்டியை எடுத்தார்.

“ஒரு குச்சி போதுமுங்க. வேலை முடிஞ்சுரும்.”

“எரிக்கக் கூடாதுங்கண்ணா. நகராட்சி உரக்கிடங்குக்குப் போகோணும்.”

“இங்க யாரு பார்க்கறாங்க?”

“கண்ணை விடுங்க. இருபத்திரண்டு மூக்கு திரும்பி வருதே.”

அவர் தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டார். இலை தனி, கட்டை தனி, மரத்தில் சிக்கியிருந்த பிளாஸ்டிக் பைகள் தனி. டெம்போ இரண்டு நடை போனது. கிடங்கில் கடைசிக் கட்டை இறங்கியதும் வெள்ளிங்கிரிக்குப் பொறுக்கவில்லை.

“அம்மிணி, பயமில்லாம இருக்கறதைக் கத்துக்கத்தான் நான் வந்தேன். உங்களுக்குக் கிளையைக் கண்டா பயம், கம்பியைக் கண்டா பயம், கயித்துல ஒரு நூல் பிரிஞ்சாப் பயம், புகைக்குக்கூடப் பயம். காலையிலிருந்து பயந்துட்டேதான இருக்கறீங்க! அப்புறம் மேல போனதும் எப்படிங்க பாட்டு வருது?”

தெய்வானை தலையில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

“எனக்குப் பயம் நிறையவே இருக்குதுங்கண்ணா. அத்தனையையும் தரையிலயே பயந்து முடிச்சுட்டுத்தான் ஏறுவேன்.”