கட்டி ஐஸில் கிறிஸ்துமஸ் விருந்து

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டி ஓர் ஊர். அந்த ஊர் ஐஸ் கம்பெனியில் கட்டி ஐஸ் தூக்கும் வேலையில் கயத்தான், தொம்மை, இன்னாசி என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் உடம்பில் ஒரு குறையும் கிடையாது. தலைக்குள் மட்டும் ஆண்டவர் கொஞ்சம் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். ஆனால் தொழிலில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. உமியைப் போட்டு, சாக்கைப் போர்த்தி, ஐஸைப் பெற்ற பிள்ளை மாதிரி காப்பாற்றுவார்கள்.

மூத்தவன் கயத்தானுக்கு வயது நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் அவன் வாயைத் திறந்தவுடன் காரியம் கெட்டுவிடும். இந்த வருஷம்தான் உப்பளத்தில் வேலை பார்க்கும் சந்தியாகு, மகள் ரெஜினாளையும் கூட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் மதியம் சாப்பிட வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மனசுக்குப் பிடித்தால் அன்றைக்கே பேசி முடித்துவிடுவது என்று ஏற்பாடு. ரெஜினாளை மாதா கோயில் திருவிழாவில் ஒரே ஒரு தடவைதான் கயத்தான் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் சமைத்துப் போட யாருமில்லை. பண்டிகைக்குச் சோறு கொடுத்தனுப்பும் பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்காவும் மகள் பிரசவத்துக்காக மதுரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கயத்தான் போய் அவள் வாசலில் அழாத குறையாக நின்றான்.

"ராத்திரிப் பூசைக்குப் போயிட்டு வந்து ஒங்களால சமைக்க முடியாதுல. முன்கூட்டியே எல்லாத்தையும் சமைச்சிருங்க. நல்லா ஆற வச்சு, காத்துப் புகாம அடைச்சு, ஐஸ்ல உறைய வச்சிருங்க. முந்தின நாள் எடுத்து வெளிய வச்சா, மறுநாள் சூடாக்கிப் பரிமாறிரலாம். ஐஸ் கம்பெனிக்காரனுக்கு இதையும் நான் சொல்லணுமாக்கும்" என்றாள் அக்கா. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள்.

நெய்ச்சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கோழி வறுவல் என்று மூவரும் சமைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, தெருவே மணத்தது. அதற்கு அப்புறம்தான் சிக்கல்.

"ஆறிட்டான்னு எப்பிடிண்ணே கண்டுபிடிக்க?" என்று கேட்டான் தொம்மை.

"தின்னு பாத்தாத்தான் தெரியும்" என்றான் கயத்தான்.

இன்னாசி ஒரு கோழித் துண்டை எடுத்துத் தின்றான். "இது ஆறிட்டு. மத்தது எப்பிடின்னு தெரியல."

"ஒண்ணு ஆறினா எல்லாம் ஆறின மாதிரிதானல."

"அது எப்பிடிண்ணே? நாம மூணு பேரும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. அதுக்காக எனக்குக் காய்ச்சல் விட்டா ஒனக்கும் விட்டுருமா?"

கயத்தான் ஒத்துக்கொண்டான். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஒவ்வொரு துண்டாகச் சோதித்துப் பார்த்தார்கள். சந்தேகம் தீர்ந்தபோது சட்டியில் முக்கால் பங்கைக் காணவில்லை. ரெஜினாளுக்கு என்று வைத்திருந்த ஈரல் துண்டும் அதோடு போய்விட்டதில் கயத்தானுக்கு மனசு வலித்தது. இருந்தாலும் மிஞ்சியது நன்றாக ஆறியிருக்கிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

கம்பெனியில் ஐஸ் வார்க்கும் பெரிய தகரக் கேன் ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். நெய்ச்சோற்றைக் கொட்டப் போன கயத்தானின் கையைத் தொம்மை பிடித்துக்கொண்டான்.

"இலை விரிக்காம சோறு வைக்கிற வழக்கம் எந்த ஊர்லண்ணே இருக்கு?"

ஆகவே முதலில் வாழையிலை இறங்கியது. அதன்மேல் உப்பு, ஊறுகாய், அப்பளம், பிறகு சோறு, கறி, கோழி. எல்லாத்தையும் என்று அக்கா சொன்னதால் டம்ளர்களும் போயின. எல்லாம் போட்ட பிறகும் கேனில் பாதி காலியாக இருந்தது.

"அந்தக் காலி எடம் பூரா காத்துல்லா இருக்கு?" என்றான் இன்னாசி.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். காற்று கண்ணுக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தண்ணிய ஊத்துங்கல. தண்ணி நிக்கிற எடத்துல காத்து எப்பிடி நிக்கும்?" என்றான் கயத்தான். தம்பிகள் அண்ணனைப் பெருமையோடு பார்த்தார்கள். விளிம்பு வரைக்கும் தண்ணீரை ஊற்றி, கேனைக் கம்பெனியில் உறைய வைத்தார்கள்.

பண்டிகைக்கு முந்தின நாள், சொன்னது சொன்னபடி, கட்டியை எடுத்து வெளியே தெருவில் வைத்தார்கள். வெயில் பட்டதும் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கியது. அதைப் பார்த்த இன்னாசி நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, உருகுது."

அவ்வளவுதான். மூவரும் விழுந்தடித்து ஓடினார்கள். ஒருவன் உமி மூட்டையோடு வந்தான், ஒருவன் சாக்கோடு வந்தான். கயத்தான் தன் கல்யாணப் பேச்சுக்காக எடுத்து வைத்திருந்த புது வேட்டியையே கொண்டுவந்து மேலே போர்த்தினான். பூசைக்கும் முறை வைத்துத்தான் போனார்கள். விடிந்தபோது கட்டியில் ஒரு மூலைகூட மழுங்கவில்லை.

அதை நடு வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். சூடாக்குகிற வேலை மட்டும் பாக்கி.

"ஐஸ் பக்கத்துல அடுப்பு வைக்கலாமா? காலம் பூரா ஐஸைக் காப்பாத்துன நம்ம அப்பா ஆவி பொறுக்குமாண்ணே?" என்றான் தொம்மை.

கயத்தான் அடுப்பைக் கொல்லைக் கடைசியில், முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் மூட்டச் சொன்னான். அடுப்பு நன்றாக எரிந்தது. ஐஸும் உருகவில்லை. அக்கா சொன்னதில் எதையும் விட்டுவிடவில்லை என்ற நிம்மதியோடு விருந்தாளிகளுக்காகக் காத்திருந்தார்கள்.

மதியம் சந்தியாகுவும் ரெஜினாளும் வந்தார்கள். நடு வீட்டில் இடுப்பு உயரக் கட்டி ஐஸ் நின்றது. சந்தியாகு கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"இது கோழியா?"

"ஆமா மாமா. இந்தப் பக்கம் ஆட்டுக்கறி. சுத்தி வந்தா நெய்ச்சோறு தெரியும்" என்றான் கயத்தான். இந்தப் பெண்ணும் போய்விட்டால் இனித் தனக்கு ஒருத்தி இல்லை என்பது அவனுக்கே தெரியும்.

சந்தியாகு சுற்றி வந்தார். ரெஜினாளும் சுற்றி வந்தாள்.

"அப்பளம் போடலியா?" என்று கேட்டாள்.

"டம்ளருக்குப் பின்னால இருக்கு" என்றான் கயத்தான். அவள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

சந்தியாகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எத்தனையோ வீட்ல சாப்பிட்டிருக்கேன். எல்லாம் மூடி போட்ட சட்டி. உள்ள என்ன இருக்குன்னு ஆருக்குத் தெரியும்? இங்க பாரு, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒளிவு மறைவே கெடையாது. இந்த வீட்ல நம்பிப் பொண்ணு குடுக்கலாம்."

கயத்தானுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. எல்லோரும் கட்டியைச் சுற்றி உட்கார்ந்து, கோழியைப் பார்த்துக்கொண்டே, ரெஜினாள் கொண்டுவந்த முறுக்கைத் தின்றார்கள். வயிறு நிறைந்தது.

கிளம்பும்போது சந்தியாகு தம்பிகளைத் தனியே கூப்பிட்டார். "கல்யாணம் ஈஸ்டர் கழிச்சுத்தான். மாப்பிள்ளைக்கு இப்பவே காதோரம் லேசா நரை தட்டுது. அதுவரைக்கும் ஆள் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும். ஒரு முடிகூட மாறப்படாது. நீங்கதான் பொறுப்பு."

தொம்மையும் இன்னாசியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னாசி கம்பெனிக்கு ஓடிப்போய் ஒரு காலிக் கேனைத் தூக்கிவந்தான். தொம்மை அளந்து பார்க்கக் கயிற்றை எடுத்தான். யாரும் சொல்லாமலே கயத்தான் தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டான்.

"கேனை விட ரெண்டு முழம் நீளமா இருக்கியேண்ணே" என்றான் தொம்மை கவலையோடு.

"மொழங்காலை மடக்கச் சொல்லுங்க, சரியா வரும்" என்றார் சந்தியாகு.

ரெஜினாள் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டே முன்னால் வந்து, படுத்திருந்தவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"மீசை ஒரு பக்கம் எறங்கியிருக்கு. இப்பமே முறுக்கி விட்டுருங்க. தண்ணி ஊத்தின பெறவு கை எட்டாது" என்றாள்.