செம்பருத்திக்குப் பக்கத்தில்

தணிகாசலத்தை யாரும் குருவே என்று கூப்பிட்டதில்லை. மாஸ்டர் என்பார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். வயது முப்பத்துநான்கு. ஏரிக்கரைப் பூங்காவில் ஒன்பது இரும்புக் கூடைகளை நட்டு, டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தை அந்த ஊருக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் வயதில் மூத்தவர் வக்கீல் மரகதவல்லி. நாற்பத்தொன்பது. அவர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தால் சாட்சிக்கு நாக்கு உலர்ந்துவிடும் என்று கோர்ட்டில் சொல்லுவார்கள்.

ஆட்டம் எளிது. டிஸ்க் என்கிற பிளாஸ்டிக் தட்டைக் கூடையை நோக்கி வீச வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். கூடைக்கு மேலே தொங்கும் சங்கிலியில் பட்டு உள்ளே விழுந்தால் முடிந்தது. குறைந்த வீச்சில் முடிப்பவருக்கு வெற்றி.

கஷ்டம் அந்தப் பூங்காவில்தான் இருந்தது. வேலி கிடையாது. நடக்க வருகிறவர்கள் குறுக்கே நடப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கூடையில் பையை மாட்டிவிட்டு அரட்டை அடிப்பார்கள். மரகதவல்லிக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"இது ஆடுற இடமா, சந்தையா மாஸ்டர்?" என்று வாரம் தவறாமல் கேட்பார்.

"பூங்கா, மேடம்," என்பார் மாஸ்டர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்குத் தேர்வு. பெண்களில் ஒருவருக்குத்தான் இடம். எட்டுக் கூடை முடிந்தபோது மரகதவல்லியும், தபால் ஆபீசில் வேலை பார்க்கும் பிலோமினாவும் சமமாக இருந்தார்கள். மாஸ்டர் கூடவே நடந்து கார்டில் குறித்துக்கொண்டு வந்தார்.

ஒன்பதாவது கூடை ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வீசும் இடத்திலிருந்து தெரியாது.

பிலோமினா வீசிய டிஸ்க் மேட்டின் உச்சியில் விழுந்து நின்றது.

மரகதவல்லி வீசினார். கையை விட்டுப் போகும்போதே தெரிந்தது, இதுபோல ஒன்றை அவர் இதுவரை வீசியதில்லை. நீல டிஸ்க் மேட்டைத் தாண்டி மறைந்தது. அந்தப் பக்கம் சங்கிலி லேசாகக் குலுங்கும் சத்தம்.

"கூடையைத் தொட்டுடுச்சு," என்றார். சமநிலை சரிதானா என்று மாஸ்டர் கார்டை மறுபடி கூட்டிப் பார்க்கப் பத்து நிமிஷம் ஆயிற்று; முடிந்ததும் மரகதவல்லி ஏறக்குறைய ஓடினார்.

கூடையடியில் டிஸ்க் இல்லை.

சற்றுத் தள்ளிப் புல்லில் ஒருவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முழங்கால்வரை மாவுக்கட்டு. பக்கத்தில் அவன் மனைவி, கையில் தூக்குவாளி. எதிர்ச்சாரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள்போல. அவன் மடியில் நீல டிஸ்க் இருந்தது. அதில் புளிசாதம்.

மரகதவல்லி நேரே அவனிடம் போனார். குனிந்து டிஸ்க்கைப் பறித்தார். சாதம் புல்லில் கொட்டியது. அவன் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"இதை எங்கே எடுத்தே?"

"கெடந்துச்சும்மா. வட்டலுன்னு நெனச்சோம். கழுவிட்டுத்தான்..."

"எங்கேன்னு கேட்டேன்."

அந்தப் பெண் கை நீட்டினாள். "அந்தா, அந்தச் செம்பருத்திக்குப் பக்கத்துல."

செம்பருத்தி கூடையிலிருந்து நாற்பது அடி தள்ளி இருந்தது.

"அங்கேயா? நல்லா யோசிச்சுச் சொல்லு. எத்தனை மணிக்கு எடுத்தே?"

"மணி தெரியாதும்மா."

"மணி தெரியாது. இடம் மட்டும் தெரியுமா? சங்கிலிச் சத்தம் கேட்டுதா இல்லையா?"

"கேட்டாப்ல..."

"அப்ப கூடைப் பக்கத்துல கிடந்ததை எடுத்துட்டு, செம்பருத்தின்னு மாத்திச் சொல்றே. அடுத்தவங்க பொருளை எடுக்கறதுக்குப் பேர் என்னன்னு தெரியுமா உனக்கு? போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"குருவம்மா, விடு," என்றான் புருஷன். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தான்.

குருவம்மா அவனையும் வக்கீலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க சொல்ற எடம்தாம்மா," என்றாள்.

மரகதவல்லி திரும்பினார். "கேட்டீங்கல்ல மாஸ்டர்? டிஸ்க்கை எங்கே வைக்கலாம்?"

"இந்த ஆட்டத்துல நடுவர் கிடையாது, மேடம். ஆடுறவங்க வைப்பாங்க. கூட ஆடுறவங்க ஒத்துக்கணும்."

குருவம்மா புல்லில் கிடந்த சாதத்தை முந்தானையில் அள்ளிக்கொண்டிருந்தாள். பிலோமினா அதைப் பார்த்தபடியே, "வைங்க," என்றாள்.

கூடைக்கு நாலு அடியில் வைத்து, அங்கிருந்து வீசினார் மரகதவல்லி. சங்கிலி குலுங்கிற்று. இரண்டே வீச்சில் முடித்துவிட்டார். பிலோமினாவுக்கு மூன்று ஆயிற்று. அவள் கை குலுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

ஜெயித்த பிறகும் மரகதவல்லிக்கு ஆத்திரம் தீரவில்லை. டிஸ்க்கில் ஒட்டிய எண்ணெயைத் துண்டால் அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

"நாளைக்கே மனு எழுதறேன், மாஸ்டர். சுத்தி வேலி போட்டாகணும். ஆறு மாசம் தோள் வலிக்கப் பழகறோம். எவளோ வந்து சோறு போட்டுத் திங்கறா. வேலி இல்லாத இடத்துல நியாயமா எப்படி ஆடறது? நீங்களே சொல்லுங்க."

மாஸ்டர் கார்டைப் பையில் போட்டார். செம்பருத்தியை நோக்கி நடந்தார். மரகதவல்லி புலம்பிக்கொண்டே பின்னால் போனார்.

செடிக்குக் காலையில் தண்ணீர் விட்டிருந்தார்கள். மாஸ்டர் குந்தி உட்கார்ந்து ஈர மண்ணைப் பார்த்தார். பிறகு விலகி இடம் விட்டார்.

மண்ணில் ஒரு கீறல். நகத்தால் அழுத்தியதுபோல வளைவாக.

மரகதவல்லி டிஸ்க்கின் விளிம்பை அதில் வைத்தார். இம்மி பிசகாமல் பொருந்தியது. அந்நேரம் ஏரிக்காற்று வீச, யாரும் தொடாமலே கூடையில் சங்கிலி குலுங்கியது.

"முன்னாடியே பார்த்துட்டீங்களா இதை?"

"இல்ல மேடம். இப்பதான் பார்க்கறேன்."

"பின்னே எப்படித் தெரியும்?"

"அந்தம்மா சொன்னாங்களே."

மரகதவல்லிக்கு முகம் சுட்டது. ஆத்திரம் இருந்தது, அதை இறக்கி வைக்கத்தான் ஓர் ஆள் அங்கே இல்லை. காற்றைக் குறை சொல்லலாமா, காதைக் குறை சொல்லலாமா என்று பார்த்தார். பிறகு, தோற்ற வழக்கில்கூடத் தலை நிமிர்ந்து வெளியே வருகிறவராதலால், கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"கார்டைக் கொடுங்க. என் ரெண்டாவது வீச்சு செல்லாது. பிலோமினாதான் ஜெயிச்சாங்க. நானே எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

மாஸ்டர் கார்டை நீட்டவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே குருவம்மா, புருஷன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் அடியாக பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். மற்றக் கையில் தூக்குவாளி. முந்தானை முடிச்சு கனத்துத் தொங்கியது.

"மாஸ்டர், கார்டு."

"கார்டு என் பையிலேயே இருக்கும், மேடம்," என்றார் மாஸ்டர். "பஸ்தான் நிக்காது."