பெஞ்சுக்கு அடியில்

தபேலா வேண்டுமா, ஆர்கன் மட்டும் போதுமா என்று எங்கள் ஆலயத்தில் இரண்டு வருஷமாகச் சண்டை. கடைசியில் மூப்பர் சத்தியநாதன் தீர்ப்பு சொன்னார்.

"உலகம் உண்டாகுமுன்னே கர்த்தர் தெரிந்துகொண்டவனுக்குத் தபேலா கேட்டால் கால் ஆடாது. ஆடினால் நரகத்துக்குக் குறித்தவன். வே மாசிலாமணி, நம்ம சபையில தபேலா வாசிக்கையில கால் ஆட்டுற ஆளை ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபிடியும். இல்லன்னா வேலையை விட்டுரும்."

ஆலயத்தைத் துடைத்தே முதுகு வளைந்த மாசிலாமணி பெருமூச்சு விட்டார்.

ஞாயிறன்று சபை முன்னால் சொன்னார்: "தரையில ஒரே ஒரு இடத்துலதான் குதிகால் தட்டித் தட்டிச் சிவப்புச் சாயம் தேஞ்சிருக்கு, ஐயா."

"எந்த பெஞ்சுக்கு அடியில வே?"

"நீங்க எந்திரிச்சாத்தான் காட்ட முடியும்."

மூப்பர் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் அங்கே பாய் விரித்திருந்தது. கிறிஸ்துமஸுக்குள் பாயும் தேய்ந்தது. அதையும் மாசிலாமணிதான் மாற்றினார்.